கட்டிலுக்கு வெளியே ஐந்து அங்குலம்

வெள்ளவத்தையில் நான்காம் மாடி.
கட்டில் ஆறடி, நான் ஆறடி ஐந்து அங்குலம்.
மீதிக்கு ஒரு நாற்காலி கேட்டேன்.
"கதிரையோ?" என்றார் வீட்டுக்காரி சுபத்திராதேவி.
நீலப் பிளாஸ்டிக்கில் ஒன்றைக் கொண்டுவந்து
கால்மாட்டில் போட்டார்.
மூன்று மாத ஒப்பந்தம் எனக்கு.
என் பாதங்கள் குடியிருந்தது அதில்தான்.

எங்கள் தூத்துக்குடியிலிருந்து
விசைப்படகுக்கு ஒரு ராத்திரித் தூரம் இந்த ஊர்.
கடவுச்சீட்டில் இதற்கு முன்பே
மாலே, தோஹா, காத்மாண்டு.
அங்கெல்லாம் என் பேச்சு யாருக்கும் புரியாது,
யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.
இங்கே காலி வீதித் தேநீர்க்கடையில்
வாய் திறந்ததும் கேட்டுவிடுகிறார்கள்,
"தம்பி இந்தியாவோ?"
சொந்த மொழிக்குள் அந்நியனாக இருப்பது
செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டதுபோல.
நடக்கலாம்.
ஆனால் ஒவ்வோர் அடியிலும் தெரியும்.

பயிற்சியாளர் தில்ஹான் என்னை
"மல்லி" என்றுதான் கூப்பிடுவார்.
சிங்களத்தில் தம்பி.
எங்கள் சந்தையில்
கத்தரிக்காய் வாங்கினால் கொசுறாக விழுவது.
"மல்லி, பந்து! மல்லி, பின்னால வா!"
சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஓடுவேன்.
முப்பத்து மூன்று வயதில்
யாருக்கோ இன்னும் தம்பி.

முழங்காலுக்கு ஐஸ் வாங்குவது
தெகிவளை மீன்கடையில்.
"எத்தனை கிலோ மீனுக்கு?"
"மீனுக்கில்லை."
கடைக்காரர் என் காலைப் பார்த்தார்,
ஒரு கைப்பிடி கூடுதலாக அள்ளிப் போட்டார்.
அன்றிரவு அறை முழுக்கச் சூரை வாடை.

அறைக்கூட்டாளி டோபென்னா, நைஜீரியாக்காரன்.
இரவு இரண்டு மணிக்குப் பால்கனியில் நின்று
மனைவியோடு சண்டை போடுவான்.
ஒரு சொல்லும் எனக்கு விளங்காது.
நான் என் மனைவியோடு போடும் சண்டை
மாடி முழுக்க விளங்கும்.
பாப்பாவின் பள்ளிக் கட்டணம்,
இரண்டு மாதமாக வராத சம்பளம்,
"அங்க யாருக்கு விளையாடுறீங்க?" என்று அவள் கேட்டது.
மறுநாள் காலை
சுபத்திராதேவி ஒன்றும் கேட்கவில்லை.
இடியாப்பத் தட்டில்
இரண்டு அதிகமாக இருந்தது.

ஆறாவது ஆட்டம்.
வெளியே மழை, கூரை ஒழுகியது.
இரண்டு பையன்கள் துவாயால் தரையைத் துடைக்கத் துடைக்க
நாங்கள் இடுப்பில் கைவைத்து நின்றோம்.
நான்கு விநாடி மீதி, ஒரு புள்ளி பின்தங்கல்,
எனக்கு இரண்டு தனி எறிதல்கள்.
பயிற்சியில் நூற்றுக்கு எண்பத்தொன்று போடுகிற கை.
முதலாவது வளையத்தின் முன்விளிம்பில் தட்டி விழுந்தது.
இரண்டாவது
உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு
வெளியே வந்தது,
வாடகை கேட்டு மிரண்டவனைப்போல.

திங்கட்கிழமை தில்ஹான் மாடியேறி வந்தார்.
இரண்டு பிளேன்டீ, ஒரு கடித உறை.
"மல்லி" என்றார்.
அவ்வளவு மெதுவாக அவர் பேசி
நான் கேட்டதில்லை.
மீதியை எனக்குச் சிங்களத்திலேயே விளங்கியது.
கத்தரிக்காய் வாங்காதவர்களுக்கு
கொசுறு எதற்கு.

பதிலுக்கு வருகிறவன் லிதுவேனியாக்காரனாம்,
ஆறடி பத்து அங்குலம்,
முழங்கால் இரண்டும் நன்றாக இருக்கிறதாம்.
பெட்டியின் ஜிப் உப்புக்காற்றில் பிடித்துக்கொண்டது.
மெழுகுவர்த்தியைத் தேய்த்து இழுத்தேன்.
டோபென்னா என் காலணியைப் போட்டுப் பார்த்துவிட்டு
கழற்றித் தந்தான், சின்னது.
ஜன்னலுக்குக் கீழே
மாத்தறை ரயில் கடலை ஒட்டிப் போனது,
கதவில் தொங்கியவர்கள் யாரோ ஊளையிட்டார்கள்.

கட்டிலைப் பார்த்தேன்.
விரலால் அளந்தேன்.
ஒரு கதிரை அவனுக்குக் காணாது.

"அக்கா, இன்னொரு கதிரை இருக்குமா?"

நாற்காலி என்று வாயில் வரவில்லை.
அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.
"நீங்கதான் போறீங்களே, ஆருக்கு?" என்றவர்
பதிலுக்கு நிற்காமல்
படியிறங்கித் தேடப் போனார்.

கீழே ஆட்டோக்காரன்
இரண்டாம் தடவை ஹாரன் அடித்தான்.